கல்லை இறுக்குவதா, மண்ணிட்டு மூடுவதா: ராப்பா நூயியின் மோவாய்ச் சிலைகளுக்கு எந்த வழி தகும்?

ஈஸ்டர் தீவு என்று உலகம் அறிந்த ராப்பா நூயியில் ஏறத்தாழ ஆயிரம் கற்சிலைகள் இருக்கின்றன. சிலி நாட்டுக் கடற்கரைக்கு மேற்கே 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் பெருங்கடலின் நடுவில், சுமார் 164 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள ஒரு தீவுக்கு இவ்வளவு சிலைகளையும் ஒரே நேரத்தில், ஒரே அக்கறையோடு பேணுவது இயலாத செயல். ஆகவே எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்ற தேர்வு அங்கே தவிர்க்க முடியாதது. சிலைகளை அளந்து ஆவணப்படுத்துவது, வேதிப்பொருளால் கல்லை இறுக்குவது, அகழ்ந்ததை மீண்டும் மண்ணிட்டு மூடுவது, விழுந்து கிடப்பதை நிமிர்த்துவது, கூரையின் கீழோ அருங்காட்சியகத்துக்குள்ளோ கொண்டு செல்வது ஆகிய வழிகள் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு சிலையிலாவது செய்து பார்க்கப்பட்டும் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தீவு மக்கள் இச்சிலைகளை மோவாய் என்று அழைக்கிறார்கள். தமிழில் அச்சொல் முகவாய்க்கட்டையைக் குறிப்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் துருத்திய தாடையோடு நிற்கும் இவற்றைப் பார்த்த எந்தத் தமிழருக்கும் அந்தப் பெயர் மறக்காது.

வழிகளை எடைபோடுவதற்கு முன் கல்லைப் பற்றி அறிந்தாக வேண்டும். சிலைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் ரானோ ரராக்கு என்ற எரிமலைக் குன்றில் வெட்டப்பட்டவை. அந்தக் குன்றின் பாறை, எரிமலைச் சாம்பலும் சிறு கற்துணுக்குகளும் படிந்து இறுகிய டஃப் என்னும் சாம்பற்பாறை. பசால்ட் என்னும் கடின எரிமலைக்கல்லில் செய்த கைக்கோடரிகளால் அதைச் செதுக்க முடிந்தது என்பதே அதன் மென்மைக்குச் சான்று. செதுக்குவோருக்கு வரமாக இருந்த அந்த மென்மை காப்போருக்குத் தலைவலியாகிவிட்டது. கல்லுக்குள் நுண்துளைகள் நிறைந்திருப்பதால் மழைநீர் எளிதில் உள்ளே இறங்குகிறது, வெயில் அடித்ததும் வெளியேறுகிறது, மீண்டும் இறங்குகிறது. இந்த ஈரமும் உலர்வும் மாறி மாறி நிகழும்போது துகள்களைப் பிணைத்திருக்கும் பொருள் சிறிது சிறிதாகக் களிமண்ணாகச் சிதைகிறது. அதனால் மேற்பரப்பு மாவைப்போல் உதிர்கிறது. கடலோரச் சிலைகளில் இதனுடன் உப்பும் சேர்ந்துகொள்கிறது: அலைத்திவலையோடு வந்த உப்பு துளைகளுக்குள் படிகமாகி, கல்லை உள்ளிருந்தே நெம்புகிறது. பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கன்கள் வெள்ளைத் திட்டுகளாகப் படர்வது வேறு. அவற்றைச் சுரண்டி எடுத்தால் அவை பற்றியிருந்த மேல்தோலும் கூடவே வந்துவிடும் என்பதால், அழுக்கைத் துடைப்பதுபோல அவற்றைத் துடைத்துவிடவும் இயலாது.

ஆவணப்படுத்துவது: எந்த அளவில், எதற்காக?

எந்த விவாதத்திலும் முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வழி ஆவணப்படுத்தலே. யாரையும் புண்படுத்தாது, கல்லைத் தொடாது, முடிவில் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும். பிரிட்டிஷ் ஆய்வாளர் கேத்ரின் ரௌட்லெட்ஜ் 1914-15இல் தீவில் தங்கி எடுத்த ஒளிப்படங்களும் குறிப்புகளும் இன்றும் பயன்படுவது இதனால்தான். 1982இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜோ ஆன் வான் டில்பர்க் தொடங்கிய ஈஸ்டர் தீவுச் சிலைத் திட்டம் தீவு முழுவதும் சிலைகளை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, படமெடுத்துப் பட்டியலிட்டது. அண்மையில், 2025இல், ஆய்வாளர்கள் 11,000க்கும் மேற்பட்ட ட்ரோன் படங்களை இணைத்து ரானோ ரராக்கு குன்று முழுவதற்கும் முப்பரிமாண மாதிரி ஒன்றை வெளியிட்டனர். அதிலிருந்து ஏறத்தாழ முப்பது தனித்தனிக் கல் வெட்டும் இடங்களை அவர்கள் அடையாளம் கண்டனர்.

ஆனால் ஆவணப்படுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று ஈடாகாத பல பணிகள் அடங்கியிருக்கின்றன. ட்ரோன் மாதிரி நிலத்தைப் புரிந்துகொள்ள உதவும்: எந்தச் சிலை எந்தப் பாறைமுகத்திலிருந்து வந்தது, 2022இல் அங்கே பற்றிய தீ எதுவரை பரவியது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அது காட்டும். ஒரு சிலையின் மூக்கு நுனியில் பத்தாண்டுகளில் இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்ததா என்று அதனிடம் கேட்டால் விடை கிடைக்காது. அதற்குச் சிலைக்கு அருகில் நின்று, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு பெருமளவு மேற்பொருந்தும்படி நூற்றுக்கணக்கில் எடுத்து, அளவுகோலையும் சட்டகத்துக்குள் வைத்துச் செய்யும் ஒளிப்பட அளவையோ, நுண்மையான லேசர் ஸ்கேனோ வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒப்பீட்டுக்கான நிலைக்குறிகள் சிலையின் மேல் இருக்கக் கூடாது. அசையாத தரையில் இருக்க வேண்டும். சிலையே சற்றுச் சாய்ந்துவிட்டால், சிலையில் ஒட்டிய குறியும் அதனுடன் சாய்ந்து, எதுவும் நடக்காததுபோலக் காட்டிவிடும். இந்த ஒரு விதியைப் பின்பற்றாத ஸ்கேன் எவ்வளவு அழகாகத் திரையில் சுழன்றாலும், அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட உதவாத வெறும் படமாகவே நின்றுவிடும்.

மூன்றாவது வகை, ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் படமெடுத்து மேற்பரப்பின் மிக மெல்லிய வெட்டுகளையும் வெளிக்கொணரும் முறை. இதன் பயனைக் காண லண்டனுக்குச் செல்ல வேண்டும். ஹோவா ஹகனனையா என்ற 2.42 மீட்டர் உயரமுள்ள பசால்ட் சிலையை 1868இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் மாலுமிகள் ஒரோங்கோ கிராமத்திலிருந்து எடுத்துச் சென்றனர். அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் முதுகில் பறவைமனிதர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் பார்த்தும் வரைந்தும் வந்த அந்த முதுகை, சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களில் ஒளிப்பட அளவையாலும் பலதிசை ஒளிப்படங்களாலும் மீண்டும் ஆராய்ந்தபோது, ஒரு பறவைமனிதனின் அலகு எல்லோரும் எண்ணியிருந்ததுபோல நீண்டு கூர்ந்ததல்ல, குட்டையாக வளைந்தது என்று கண்டனர். அந்தச் சிறு திருத்தம் இரு உருவங்களையும் ஆண், பெண் என்று படிக்கும் புதிய விளக்கத்துக்கே வழிவகுத்தது. கட்டடத்துக்குள் பத்திரமாக நிற்கும் கடினமான கல்லிலேயே இத்தனை காலம் கண்ணுக்குத் தப்பியது இவ்வளவு என்றால், மழையில் நிற்கும் டஃப் சிலைகளில் படிக்கப்படாமலே கரைந்துகொண்டிருப்பது எவ்வளவு என்ற எண்ணம் எழாமல் இருக்காது.

ஆகவே ஆவணப்படுத்தலைப் பாதுகாப்புக்கு மாற்றாக வைத்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டோம், இனிச் சிலை போனாலும் பரவாயில்லை என்ற மனநிலைக்கு அது இடம் கொடுத்துவிடுகிறது. அதன் உண்மையான பயன், பிற வழிகளில் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்பதை அளந்து சொல்வதே.

வேதிப்பொருளால் இறுக்குவது

பாதுகாவலர்களிடையே மிக நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது இந்த வழிதான். 1980களில் மேற்குக் கரையில் உள்ள ஹங்கா கியோயே சிலையில் இது சோதனையாகச் செய்யப்பட்டது. எரிமலைக் கற்களின் பாதுகாப்பு பற்றி 1990இல் இத்தீவிலேயே பன்னாட்டு வல்லுநர் கூட்டம் ஒன்றும் நடந்தது. செய்முறை கேட்பதற்கு எளிது. எத்தில் சிலிக்கேட் என்ற திரவத்தைக் கல் குடிக்கும் வரை ஊட்டுகிறார்கள். அது துளைகளுக்குள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, சாராயத்தை ஆவியாக வெளியேற்றிவிட்டு, துகள்களுக்கிடையே சிலிக்காவை விட்டுச் செல்கிறது. சில வாரங்களில் உதிர்ந்துகொண்டிருந்த மேற்பரப்பு இறுகுகிறது. அதன்பின் நீரை உள்ளே விடாமல், ஆவியை மட்டும் வெளியே விடும் நீர்விலக்கிப் பூச்சு ஒன்றும் தரப்படுவதுண்டு.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. திரவம் சில சென்டிமீட்டர் மட்டுமே இறங்கி நின்றுவிட்டால், மென்மையான கல்லின் மேல் கடினமான ஓடு ஒன்று உருவாகிறது. ஓடும் உள்கல்லும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை, மழையில் ஒரே அளவில் வீங்குவதுமில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, துகளாக உதிர்ந்திருக்க வேண்டியது தகடாகப் பெயரும் ஆபத்து உண்டு. நீர்விலக்கியிலும் இதே கதைதான்: முன்னாலிருந்து வரும் மழையை அது தடுக்கும், சிலை நிற்கும் கல்மேடையிலிருந்தோ நிலத்திலிருந்தோ நுண்துளை வழியாக மேலேறும் ஈரத்தை அது தடுக்காது. அந்த ஈரம் கொண்டுவரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து படிகமாகும். களிமண்ணாக மாறிவிட்ட பகுதிகளில் சிலிக்கா சரியாகப் பிணையாது என்பதும் ஒரு குறை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஊட்டியதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை என்பது.

இதனால் அந்த வழியை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரல் பட்டாலே உதிரும் நிலையில் உள்ள செதுக்கல்களுக்கு வேறு மருந்து இல்லை. அடியில் ஈரம் ஏறாதபடி வடிகால் அமைந்த சிலைக்கும், குன்றின் சரிவில் இடுப்பளவு மண்ணில் நிற்கும் சிலைக்கும் ஒரே மருந்தைத் தருவதுதான் தவறு. முன்னதற்கு அது உதவக்கூடும். பின்னதற்கு அதுவே பிணியாகக்கூடும்.

மண்ணே காப்பு

ரானோ ரராக்கு சரிவில் தலையும் தோளும் மட்டும் தெரிய நிற்கும் சிலைகளைக் கண்டு, அவை வெறும் தலைகள் என்று உலகின் பாதி நம்பிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு உடல் உண்டு என்பது ரௌட்லெட்ஜ் காலத்திலிருந்தே தெரியும்; 1955-56இல் தோர் ஹையர்டாலின் நார்வே குழுவும் சிலவற்றைத் தோண்டிப் பார்த்தது. ஆனால் 2010 முதல் வான் டில்பர்க்கும் தீவைச் சேர்ந்த கிறிஸ்டியான் அரேவாலோ பகராட்டியும் இரண்டு சிலைகளை முறையாக அகழ்ந்தபோதுதான் மண் செய்திருந்த வேலை நன்கு விளங்கியது. தரைக்கு மேலிருந்த முகம் மழையில் தழும்பேறி மழுங்கியிருக்க, தரைக்குக் கீழிருந்த முதுகில் பிறைநிலா வடிவப் படகுக் கீறல்கள் நேற்று வெட்டியவைபோல ஓரம் கூர்மையாக இருந்தன. சிலையைச் சுற்றிச் செந்நிறச் சாயப்பொருளும் கிடைத்தது. ஒரே கல், ஒரே சிற்பி, ஒரே வயது. தரைமட்டக் கோடு ஒன்றுதான் வேறுபாடு. பாதுகாப்பு பற்றி எத்தனை ஆய்வறிக்கைகள் வந்தாலும் இதைவிடத் தெளிவான சோதனை முடிவைக் காண முடியாது.

வடகரையில் உள்ள அனகேனாவின் சிலைகளும் இதையே சொல்கின்றன. அஹு நௌ நௌ மேடையின் (அஹு என்றால் சிலைகளை நிறுத்தும் கல்மேடை) சிலைகள் விழுந்த பிறகு நெடுங்காலம் மணலுக்குள் புதைந்து கிடந்ததால், அவற்றின் விரல்களும் இடுப்புக் கச்சையின் சுருள்களும் தீவின் வேறெந்த மேடையிலும் காண முடியாத தெளிவோடு எஞ்சின. 1978இல் செர்ஜியோ ராப்பு தலைமையில் அங்கே அகழ்வும் சீரமைப்பும் நடந்தபோது, வெள்ளைப் பவளத்தில் செய்து, செந்நிற எரிமலைக்கல்லில் கருவிழி பொருத்திய கண் ஒன்றும் மணலிலிருந்து கிடைத்தது. சிலைகளுக்குக் கண் பதிக்கப்பட்டிருந்தது என்பதை அந்த ஒரு கண்தான் உறுதிப்படுத்தியது.

ஆகவே அகழ்ந்த சிலையை அளந்து, படமெடுத்து, சாயத்தின் மாதிரியையும் எடுத்துக்கொண்டபின் மீண்டும் மூடிவிடுவது, என் கருத்தில், ரானோ ரராக்கு சரிவுச் சிலைகளுக்கு மிகச் சிறந்த வழி. செலவு குறைவு, எப்போது வேண்டுமானாலும் திரும்பத் தோண்டலாம், கல்லில் அந்நியப் பொருள் எதுவும் சேராது. நிரப்பும் மண் நீரைத் தேக்கி வைக்கும் களியாக இருக்கக் கூடாது, பழைய மண்ணுக்கும் புதிய மண்ணுக்கும் இடையே பிரித்தறிய ஒரு துணி விரிக்க வேண்டும் என்பன போன்ற கவனங்கள் போதும். இதற்கு எதிர்ப்பு பெரும்பாலும் பார்வையாளர் பக்கத்திலிருந்தே வரும். முழு உடலையும் பார்க்க முடியாதே என்ற அவர்களது குறையை ஆவணப்படுத்தலால் தீர்க்கலாம். முப்பரிமாண மாதிரி தன் முழுப் பயனையும் தருவது இங்கேதான்.

நிமிர்த்துவது

மேடைகளில் நின்ற சிலைகள் அனைத்தும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடப்பதற்குள் விழுந்துவிட்டன. இன்று நாம் நிற்கக் காணும் வரிசைகள் 20ஆம் நூற்றாண்டில் நிமிர்த்தப்பட்டவை. 1960இல் தொல்லியலாளர்கள் வில்லியம் முல்லாயும் கான்சாலோ ஃபிகுவேரோவாவும் அஹு அகிவியின் ஏழு சிலைகளை நிறுத்தினர். அதே ஆண்டு மே 22ஆம் நாள் சிலியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை, அஹு தொங்கரிக்கியில் விழுந்து கிடந்த சிலைகளை உள்நாட்டுப் பக்கமாக வாரி இறைத்தது. கிளாடியோ கிறிஸ்டினோவும் பத்ரிசியா வர்காஸும் 1990களில், ஜப்பானிய நிறுவனமான தடானோ தந்த பாரந்தூக்கியின் துணையோடு, அவற்றுள் பதினைந்தையும் மீண்டும் மேடையேற்றினர். அவற்றுள் மிகப் பெரியது 86 டன் எடையுள்ளது.

தொங்கரிக்கி நிமிர்த்தப்பட்டதை யாரும் குறை சொல்ல முடியாது. தீவின் மக்களுக்கு அவர்கள் முன்னோரின் முகங்களை அது திருப்பிக் கொடுத்தது. சிதறிப்போன ஒரு நினைவிடம் மீண்டும் நினைவிடமாயிற்று. ஆனால் இன்னும் விழுந்து கிடப்பவற்றை அடுத்தடுத்து நிமிர்த்தலாமா என்ற கேள்விக்கு நான் இல்லை என்றே சொல்வேன். குப்புற விழுந்த சிலையின் முகம் தரையைப் பார்த்துக் கிடக்கிறது. மழையும் உப்பும் அதன் முதுகையே முதலில் தின்கின்றன. அதை நிமிர்த்தும் நாளில், இருநூறு ஆண்டுகளாக மறைந்திருந்த முகத்தை நாமே மழைக்குக் காட்டிவிடுகிறோம். அஹு தே பிட்டோ குராவில் விழுந்து கிடக்கும் பாரோ என்னும் சிலை, மேடையேறிய சிலைகளிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ பத்து மீட்டர் நீளம். அதை நிமிர்த்தினால் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. விழுந்த நிலையும் வரலாறுதான் என்பதை மறந்தால் மட்டுமே அதை நிமிர்த்த மனம் வரும்.

கூரையும் அருங்காட்சியகமும்

கூரை அமைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஓயாத தீவில் அதற்குத் தேவைப்படும் தூண்களும் அடித்தளமும் தொல்லியல் மண்ணையே கிழிக்கும். கடலையும் வானத்தையும் பின்னணியாகக் கொண்ட மேடைகளின் தோற்றமும் கெடும். தற்காலிகப் பந்தலாக, அகழ்வு நடக்கும் மாதங்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்வது கல்லுக்கு நல்லது, மக்களுக்கு அல்ல. ராப்பா நூயி மக்கள் இச்சிலைகளை அரிங்கா ஓரா, அதாவது உயிருள்ள முகம் என்று கருதுகிறார்கள். 2018இல் தீவின் ஆளுநர் தாரிதா அலார்கோன் ராப்பு தலைமையில் ஒரு குழு லண்டனுக்குச் சென்று ஹோவா ஹகனனையாவைத் திருப்பித் தரும்படி கேட்டபோது, அது கல்லின் ஆயுளைப் பற்றிய வேண்டுகோளாக இருக்கவில்லை. 1870இல் சிலியின் தலைநகருக்குக் கொண்டு செல்லப்பட்ட தாவு என்ற சிலை 2022இல் தீவுக்குத் திரும்பியது. நல்ல கட்டடத்துக்குள் இருப்பதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் மக்களிடம், வெளியில் இருப்பதையும் உள்ளே கொண்டு செல்லலாம் என்று சொல்லச் செல்லும் வல்லுநர் முதலில் சற்று யோசிக்க வேண்டும். முன்னோர் மண்ணிலிருந்து வந்தார்கள், மண்ணுக்கே திரும்பட்டும் என்று எண்ணும் தீவினரும் இருக்கிறார்கள். அந்தக் கருத்தை அறியாமை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. 2017 முதல் தேசியப் பூங்காவை நிர்வகிப்பது மௌ ஹெனுவா என்ற பழங்குடி அமைப்பு. இறுதிச் சொல் அவர்களிடமிருந்தே வர வேண்டும்.

எங்கே பணத்தை இடுவது?

மேற்கண்ட வழிகளில் எதிலும் சேராத ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது என்பது 2022 அக்டோபரில் தெரிந்தது. புல்லில் பற்றிய தீ ரானோ ரராக்குவுக்குள் புகுந்து, பல சிலைகளைக் கருக்கியது. நூற்றாண்டுகள் செய்யும் தேய்மானத்தை வெப்பம் சில மணி நேரத்தில் செய்துவிடும். சூடேறிய கல் வெடிப்புவிட்டு, பின்வரும் மழைக்குப் புதிய வாசல்களைத் திறந்து வைக்கும். அதைத் தடுக்க எத்தில் சிலிக்கேட்டோ லேசரோ தேவையில்லை. சிலைகளைச் சுற்றிப் புல்லை வெட்டி வைப்பது, தீத்தடுப்புப் பாதை விடுவது, உடம்பைத் தேய்த்துக்கொள்ள வரும் குதிரைகளையும் மாடுகளையும் விலக்கும் வேலி, சிலையின் அடியிலிருந்து நீரை அப்பால் கொண்டு செல்லும் சிறு வாய்க்கால், இவற்றைக் கவனிக்க நிரந்தரச் சம்பளத்தில் தீவைச் சேர்ந்த காவலர்கள்: இவை நிதி கோரும் விண்ணப்பங்களில் கவர்ச்சியாகத் தெரிவதில்லை, ஆயினும் என் வரிசையில் முதலிடம் இவற்றுக்கே. அடுத்தது, தரையில் நிலைக்குறி பதித்துச் செய்யும் நுண் அளவை. அதையும் எல்லாச் சிலைகளுக்கும் அல்லாமல், செதுக்கல்கள் உள்ளவற்றுக்கும் கடலோரத்தில் நிற்பவற்றுக்கும் முதலில் செய்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். மூன்றாவது, அகழ்ந்தவற்றை மூடுவது. வேதிப்பொருள் அதற்குப் பின்புதான் வரும். அதுவும் செதுக்கல் இல்லாத, உடைந்த ஒரு துண்டில் பல ஆண்டுகள் சோதித்த பிறகு.

இந்த வரிசை பொருந்தாத ஓரிடம் உண்டு. கடல்மட்டம் உயர்ந்துவரும் நிலையில், 2080ஆம் ஆண்டளவில் பருவகால அலைகள் தொங்கரிக்கி மேடையை எட்டக்கூடும் என்று 2025இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்திருக்கிறது. அங்கே மூடுவதற்கு மண் இல்லை; வேலியாலும் புல்வெட்டாலும் அலையை நிறுத்த முடியாது. கரையில் கல் அணை போட்டால் சில பத்தாண்டுகள் கிடைக்கும், ஆனால் அலையின் வேகம் அணையின் இரு முனைகளிலும் திரும்பி அக்கம்பக்கத்துக் கரையை அரிக்கும். மேடையோடு உள்நாட்டுக்கு நகர்த்தினால் கல் பிழைக்கும், ஆனால் கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்த்து நிற்பதற்கென்றே எழுப்பிய மேடை தன் இடத்தை இழக்கும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர வேண்டியவர்கள் தீவினரே. அவர்கள் எதைத் தேர்ந்தாலும், மேடையின் ஒவ்வொரு கல்லும் இன்று எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்ற அளவு அவர்களுக்குத் தேவைப்படும். அந்த அளவையை அலை வரும்வரை தள்ளிப்போட முடியாது.